மை வைத்த விரலைக் குற்றம் சொல்லாதீர்கள்

“காசு வாங்கிக்கிட்டுத்தானே ஓட்டுப் போட்டீங்க? இப்ப வந்து நியாயம் கேக்குறீங்க?”

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு புண்ணாகிக் கிடக்கிறது. தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து அரசியல் பேசினால் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள்: மக்கள் சரியில்லை. போட்ட சாலை ஒரு மழைக்குத் தாங்காமல் ஜல்லி பெயர்ந்து கிடக்கிறதே என்று கேட்டால் கிளைச் செயலாளர் சொல்வதும் இதையேதான். ஓட்டுச்சாவடிப் பக்கமே எட்டிப் பார்க்காத படித்தவர்கள்கூட எங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஓட்டை விற்ற கூட்டமாம் நாங்கள். எங்கள் தகுதிக்கு இந்தத் தலைவர்கள் போதுமாம்.

நான் மேலூர்ப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை இது. இந்தக் கையில் வைத்த மையைக் காட்டி ‘நீதான் நாட்டைக் கெடுத்தாய்’ என்று சொன்னால் நான் எப்படிப் பொறுப்பேன்? களவு கொடுத்தவளைக் கூப்பிட்டு நிறுத்தி, கதவை ஏன் திறந்து வைத்தாய் என்று திருடனே விசாரிப்பதுபோல் இருக்கிறது.

யார் தொடங்கினார்கள், சொல்லுங்கள். 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் இடைத்தேர்தல் நடந்தது. மதுரைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அங்கே வாக்கப்பட்டுப் போன எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பொங்கலுக்குத் தாய்வீடு வந்தபோது சொன்ன கதைதான் பிறகு நாடு முழுக்கப் பரவியது. விடியற்காலையில் செய்தித்தாளோடு சேர்த்து வீட்டுக்கு வீடு உறை வந்து விழுந்ததென்றும், உள்ளே ஓட்டுக்கு 5,000 ரூபாய் இருந்ததென்றும் அமெரிக்கத் தூதரகத்துக்காரர்கள் தங்கள் அரசாங்கத்துக்கு எழுதிய குறிப்பே 2011-ல் வெளியாகிச் சந்தி சிரித்தது. திருமங்கலத்து ஜனங்கள் எவரும் கட்சி அலுவலகத்து வாசலில் போய் நின்று ‘எங்கள் ஓட்டுக்கு என்ன விலை’ என்று கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்கள். அதற்குத் ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பெயர் வைத்துப் பெருமை பேசினார்கள். அன்றைக்கு அதை எதிர்த்துக் கூச்சல் போட்ட கட்சியும் தன் முறை வந்தபோது அதே வழியில்தான் நடந்தது. வழி போட்டவர்கள் மேலே இருந்தவர்கள். அந்தப் பாவத்தை ஊரின் பெயரில் எழுதி வைத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவிலும் கொடுத்தார்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் தெருவிளக்கு அணையும். மொபைல் வெளிச்சத்தில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் வருவார்கள். இரண்டு பேருமே என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். வேண்டாம் என்றேன்.

“டீச்சரம்மா, வாங்கிக்கங்க. வாங்கலைன்னா உங்க பேருக்கு நேரா வட்டம் போட்டுருவாங்க. அந்தப் பக்கத்து ஆளுன்னு ஆயிரும். நாளைக்கு ஒரு கையெழுத்துன்னு போனா முகம் குடுக்க மாட்டாங்க” என்றான் சின்னவன். அவன் மிரட்டவில்லை. என்மேல் இருந்த பிரியத்தில் சொன்னான். அதுதான் என்னை இன்னும் வதைக்கிறது.

நான் வாங்கவில்லை. வட்டம் போட்டுக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாங்கினாள். நூறு நாள் வேலையில் செய்த வேலைக்குக் கூலி வராமல் மாதக்கணக்கில் காத்திருந்தவள் அவள். இரண்டு கட்சிக்காரர்களும் தந்தார்கள், இரண்டையும் வாங்கிக் கடனை அடைத்துவிட்டு, மனசுக்குப் பட்ட ஆளுக்குப் போட்டாள். அவளைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்குச் சேரவேண்டிய கூலி நேரத்துக்கு வந்திருந்தால் அவள் அந்த இருட்டில் கையை நீட்டியிருப்பாளா? கூலியை நிறுத்தி வைக்கிறவர்களும் கவரை நீட்டுகிறவர்களும் ஒரே வீதியில் குடியிருக்கிறார்கள்.

ஓட்டுச்சாவடியில் எழுதி ஒட்டுகிறார்கள், பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று. சரி, தண்டனை யாருக்குக் கிடைத்தது? 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் பாய்ந்தது என்று சொல்லி, தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. மே மாதம் ஓட்டுப் போட்டிருக்க வேண்டிய ஜனங்கள் நவம்பர் வரைக்கும் தங்களுக்கென்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் கிடந்தார்கள். நவம்பரில் வந்து நின்றது யார்? இரண்டு பெரிய கட்சிகளும் பழைய வேட்பாளர்களையே மறுபடி நிறுத்தின. அதில் ஜெயித்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு சட்டசபைக்குப் போனார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். ஓர் அமைச்சர் வீட்டில் வருமான வரிக்காரர்கள் சோதனை போட்டபோது கிடைத்த காகிதத்தில், ஓட்டுக்கு 4,000 ரூபாய் வீதம் 89 கோடிக்குக் கணக்கு இருந்ததாகச் செய்தி வந்தது. தேர்தல் நின்றது. அந்தக் காகிதத்துக்காக எந்தத் தலைவரும் சிறைக்குப் போனதாக இன்றைக்கு வரை நான் படிக்கவில்லை. 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. ஒரு வேட்பாளரின் தரப்பில் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டு, ஓட்டுப் பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தேர்தலை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் நடத்தினார்கள். அதே வேட்பாளர் நின்றார், ஜெயித்தார், டெல்லிக்குப் போனார்.

எல்லா இடத்திலும் பறிபோனது எங்கள் ஓட்டு. கொடுத்தவர்களுக்கு ஒரு நாள்கூட எதுவும் பறிபோகவில்லை. ஒரு சட்டமன்றத் தொகுதியில் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று ஆணையம் சொல்கிறது. எல்லாரும் அதற்குள் அடக்கிக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். மக்கள் பிரதிநிதி ஆகப்போகிறவரின் முதல் கையெழுத்தே பொய்க் கணக்கின் கீழே விழுகிறது. இதை வாங்கிவைக்கிற அதிகாரிக்கும் தெரியும், தணிக்கை பார்க்கிறவருக்கும் தெரியும். கடைசியில் விரல் மட்டும் எங்களை நோக்கி நீள்கிறது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பழி வைத்திருக்கிறார்கள். எதைச் சொல்லி வாயைத் திறந்தாலும் அதைத் தூக்கி எறிந்து எங்கள் வாயை அடைக்கிறார்கள். “காமராஜரையே தோற்கடிச்ச ஜனம்தானே!”

ஆமாம். 1967-ல் விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். எங்கள் மேலூர் மண்ணில் பிறந்த கக்கனும் அந்தத் தேர்தலில்தான் தோற்றார். ஆனால் ஏன் தோற்றார்கள் என்று யாராவது முழுசாகச் சொல்கிறார்களா? ஊரெல்லாம் அரிசிப் பஞ்சம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் 1965-ல் இந்தி எதிர்ப்பில் மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீடும், ரேஷனுக்குக் கால் கடுக்க நின்ற வீடும் அந்த ஆட்சியைத்தான் இறக்கின. நேர்மையானவர் என்பதற்காக யாரும் காமராஜருக்கு எதிராக ஓட்டுப் போடவில்லை. ஆட்சியை மாற்றுவது எங்கள் உரிமை. மாற்றி யாரைக் கொண்டுவந்தோம்? அண்ணாவை. அவரும் பதவியை வைத்துப் பணம் பண்ணியவர் இல்லை. அதே காமராஜர் 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்றபோது அள்ளிக் கொடுத்து அனுப்பியதும் இந்த ஜனங்கள்தான். 1971-ல் மறுபடி அனுப்பினார்கள். 1975 அக்டோபர் 2-ம் தேதி கண்ணை மூடும்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவருக்குச் சென்னையில் சொந்த வீடு கிடையாது, திருமலைப் பிள்ளை சாலையில் வாடகை வீடு. நாங்கள் அவரைக் கைவிட்டோம் என்று பேசுகிற கட்சிகளில் எது அவரைப்போல் ஒருவரை அதற்குப் பிறகு எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது? கடையில் இருக்கிற சரக்கு பூராவும் சொத்தையாக வைத்துவிட்டு, வாங்குகிறவளுக்கு ருசி தெரியவில்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கக்கன் பேர் சொன்னதும் எனக்கு வயிறு எரிகிறது. தும்பைப்பட்டி எங்கள் தாலுகாதான். நாடாளுமன்றத்தில் ஐந்து வருஷம், மாநில அமைச்சரவையில் பத்து வருஷம் இருந்தவர். பொதுப்பணித் துறை வைத்திருந்தார், போலீஸ் துறை வைத்திருந்தார். பிற்காலத்தில் உடம்பு முடியாமல் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண நோயாளிகளோடு நோயாளியாகப் படுத்துக் கிடந்தார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். பார்த்துப் பதறிப்போய் ஏற்பாடு செய்யச் சொன்ன பிறகுதான் அவர் யார் என்பதே வார்டில் பலருக்குத் தெரிந்தது என்று எங்கள் அப்பா சொல்வார். சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிடும். 1981 டிசம்பரில் கக்கன் போனார். இப்போது தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கார்கள் வரிசையாக வருகின்றன. மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை, தங்கள் அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்?

அந்த மண்டபத்திலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலை இருந்த இடத்தில் இன்றைக்கு ஆழம் தெரியாத பள்ளம். தண்ணீர் பச்சையாக நிற்கிறது. கிரானைட் வெட்டி எடுத்தார்கள். அனுமதி வாங்கியது ஒரு துண்டு, வெட்டியது ஒன்பது துண்டு. கண்மாயை மண் போட்டு மூடினார்கள், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வரும் வாய்க்காலை மறித்தார்கள், சமணர்கள் படுத்த குகை இருக்கிற மலையைச் சுற்றியும் வெட்டினார்கள். இது ஒரு ராத்திரியில் நடந்த காரியமா? கல்லைச் சுமந்துகொண்டு லாரிகள் பகலில் போயின, ராத்திரியில் போயின. எந்தக் கட்சி ஆண்டாலும் போயின. தாசில்தார் கண்ணுக்குத் தெரியவில்லை, அமைச்சர் கண்ணுக்குத் தெரியவில்லை. 2012-ல் மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார்: அரசுக்கு இழப்பு 16,338 கோடி ரூபாய். அந்த வருஷமே அவரைக் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றினார்கள். பிறகு உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு அனுப்பியது. நரபலி கொடுத்து மனிதர்களைப் புதைத்திருக்கிறார்கள் என்று ஒரு புகார் வந்தபோது, தடயம் அழிந்துவிடக் கூடாது என்று அந்த மனிதர் ஒரு ராத்திரி முழுக்கச் சுடுகாட்டிலேயே படுத்துக் காவல் காத்தார். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, தான் வேலை பார்க்கும் அரசாங்கத்தை நம்ப முடியாமல் சுடுகாட்டில் படுக்கிறார்! 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். இழப்பு ஒரு லட்சம் கோடிக்கும் மேல் என்றார். அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். போன மலை வரப்போவதில்லை. ஆனால் எந்த அமைச்சர் தலைகுனிந்தார்? எந்தக் கட்சி ‘எங்கள் காலத்தில் நடந்ததும் தப்புதான்’ என்று எங்கள் ஊர் மேடையில் ஏறிச் சொன்னது?

கக்கன் நடந்த அதே தாலுகா இது. நாங்கள் மாறிவிட்டோமா, எங்களை ஆள வந்தவர்கள் மாறிவிட்டார்களா?

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். என் மகன் விபத்தில் போய்விட்டான். மருமகள் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறாள், பன்னிரண்டு படித்திருக்கிறாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் இடம் காலியாகி விளம்பரம் வந்தது. விதவைகளுக்கு முன்னுரிமை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. விண்ணப்பம் எழுதி, சான்றிதழ்கள் இணைத்துக் கொடுத்தோம். நேர்காணலுக்கு முந்தின வாரம் ஓர் ஆள் வந்தார். கரை வேட்டி, கையில் இரண்டு செல்போன். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். குரலைத் தாழ்த்தாமல், கூச்சப்படாமல், மூணு லட்சம் என்றார். “மேல வரைக்கும் போகுதும்மா, நமக்கு இதுல ஒண்ணும் நிக்காது” என்றார். நான் அந்த வேலையிலேயே தலை நரைத்தவள் என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு வருகிற பருப்பில் ஒரு கைப்பிடி வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் என்று சொன்னேன். “அதெல்லாம் அந்தக் காலம்மா” என்று எழுந்து போனார்.

மூன்று லட்சத்துக்கு நாங்கள் எங்கே போவது? வேலை வேறு ஒருத்திக்குப் போனது. அவளும் வசதியானவள் இல்லை. வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த வட்டியை அவள் எதிலிருந்து எடுப்பாள்? முட்டையிலிருந்து எடுக்க வேண்டும், பருப்பிலிருந்து எடுக்க வேண்டும், எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டும். மேலே வரைக்கும் போன அந்த மூன்று லட்சத்தைக் கடைசியில் கட்டப்போவது, தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிற ஆறு வயசுப் பிள்ளை. படிக்க வருகிற பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது என்று காமராஜர் தொடங்கியது மதிய உணவு. அதை எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்தார். அந்த அடுப்பில் கை வைக்கும் துணிச்சல் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

“அத்தே, நாமளும் எங்கயாவது பொரட்டிக் குடுத்திருக்கலாமோ?” என்று ஒரு நாள் ராத்திரி மருமகள் கேட்டாள். நல்லவளாக வளர்ந்த ஒரு பெண்ணின் வாயில் இந்தக் கேள்வியை வரவழைத்தவர்களை நான் மன்னிக்க மாட்டேன். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நேராக இருந்தது தப்போ என்று ஒருத்தியை நினைக்க வைத்தார்களே, அதை எப்படித் திருப்பித் தருவார்கள்?

எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியபோது மாதம் 2,000 ரூபாய் என்றார்கள். முழுநேர ஊழியர்களாக்குங்கள், முறையான ஓய்வூதியம் கொடுங்கள் என்று எங்கள் சங்கத்துப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தால் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். நிதி இல்லை என்றார்கள். 2017 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்ந்தது. அவர்களின் ஓய்வூதியமும் 12,000-லிருந்து 20,000. அந்த வருஷம் தமிழ்நாடு வறட்சியில் வெந்தது. அதே மாதத்தில் நம் விவசாயிகள் மறுபடியும் டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்து கடனைத் தள்ளுங்கள் என்று கதறிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வாங்குவதைத் தப்பு என்று சொல்லவில்லை. நல்ல சம்பளம் கொடுத்தாவது கை சுத்தமாக இருக்குமானால் இன்னும் கொடுங்கள் என்பேன். ஆனால் 2024-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான 543 பேரில் 504 பேர் கோடீசுவரர்கள். அவர்கள் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைக் கூட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. 251 பேர்மேல் குற்ற வழக்கு. இதில் எத்தனை பேருக்கு ரேஷன் கடைப் பாமாயிலின் வாசனை தெரியும்?

எங்கள் 500 ரூபாயைப் பேசுகிறவர்களே, இதையும் பேசுங்கள். யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதே ஊருக்குத் தெரியாமல் இருக்க 2018-ல் தேர்தல் பத்திரம் என்று ஒரு திட்டமே கொண்டுவந்தார்கள். ஆறு வருஷம் ஓடியது. 2024 பிப்ரவரி 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிக் கிழித்துப் போட்டது. விவரத்தைக் கொடு என்றால் பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. தேர்தல் முடிந்த பிறகு! நீதிமன்றம் விடவில்லை. வெளியே வந்த பட்டியலில் டெல்லியை ஆளும் கட்சிக்கு மட்டும் 6,000 கோடிக்கு மேல். பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் யாருக்கு? கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனத்துக்கு, 1,368 கோடி. அதில் 500 கோடிக்கு மேல் அன்று தமிழ்நாட்டை ஆண்ட கட்சிக்கு வந்திருக்கிறது. லாட்டரிச் சீட்டால் குடும்பங்கள் சீரழிகின்றன என்று 2003-ல் தடை போட்ட மாநிலம் இது. எங்கள் தெருவில் சீட்டு வாங்கி வாங்கிக் கடைசியில் பூச்சிமருந்து குடித்தவர்கள் இருக்கிறார்கள். வேறு மாநிலத்து ஏழைகள் இன்னும் அதே சீட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காசு கை மாறி, உருமாறி, எங்கள் தலைவர்களின் மேடைக்கு விளக்குப் போடுகிறது. கம்யூனிஸ்டுகள் அந்தப் பத்திரத்தைத் தொடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சி அதை எதிர்த்து வழக்கே போட்டது. அப்படியானால் தொடாமல் இருக்க முடியும் என்பதுதானே அர்த்தம்? அந்த இயக்கத்து மூத்தவர்கள் சங்கரய்யாவும் நல்லகண்ணுவும் அரசு கொடுத்த தகைசால் தமிழர் விருதின் பத்து லட்சத்தை வாங்கிய மேனிக்கு மக்கள் நிவாரணத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நல்லகண்ணு தன் கையிலிருந்து இன்னும் ஐயாயிரம் சேர்த்துக் கொடுத்தார். அந்த மேடையில் கை தட்டியவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள்?

பணத்தைக்கூட ஒரு பக்கம் வையுங்கள். உண்மை பேசுவது எங்கே போனது? பொறுப்பை ஏற்பது எங்கே போனது? 1956 நவம்பரில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயிலை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை. ஆனாலும் ரயில்வே அமைச்சர் நான், பொறுப்பு என்னுடையது என்று விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் அவர்; அன்றைக்கு நேரு தடுத்துவிட்டார். 2023 ஜூனில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோரில் மோதி 290-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். யாரும் விலகவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யைச் சஸ்பெண்ட் செய்தார்கள், அமைச்சர் அமைச்சராகவே இருந்தார். கருணாபுரத்தில் ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகள் கிளம்பியபோது, ‘இது என் துறை, என் பொறுப்பு’ என்று ஒரே ஒரு வாய் திறந்திருந்தால் அந்த விதவைகளுக்குச் சோறு கிடைத்திருக்காதுதான், ஆனால் மனுஷர்கள் ஆளுகிறார்கள் என்ற எண்ணமாவது மிஞ்சியிருக்கும்.

தூத்துக்குடியை எப்படி மறப்பேன்? 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலை வேண்டாம் என்று நடந்து போன ஜனங்கள்மேல் சுட்டார்கள். 13 பேர் போனார்கள். பள்ளிக்கூடம் முடித்த பெண் பிள்ளையும் அதில் ஒருத்தி. அன்றைய முதலமைச்சர், துப்பாக்கிச் சூடு நடந்ததைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. மூத்த அதிகாரிகள் முதலமைச்சருக்கு உடனுக்குடன் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவர் சொன்னது சரியில்லை என்று அதில் எழுதியிருந்தது. செத்தவர்களின் பெயரால் சொன்ன வார்த்தை! அதற்கு என்ன ஆயிற்று? அறிக்கையைக் காட்டி இந்தக் கட்சி அந்தக் கட்சியைத் திட்டியது. அதற்குமேல் அந்தத் தாய்மார்களுக்கு என்ன கிடைத்தது?

இப்போது சொல்லுங்கள், இந்த ஜனங்களையா விலைக்கு வாங்கப்பட்ட ஜனங்கள் என்கிறீர்கள்? 2024 கடைசியில் எங்கள் அரிட்டாபட்டியைச் சுற்றி ஐயாயிரம் ஏக்கரை டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தபோது நாங்கள் யாரிடம் போய்க் காசு வாங்கினோம்? கிரானைட்டில் மலையைப் பறிகொடுத்த ஊர்கள், இன்னொரு தடவை ஏமாற மாட்டோம் என்று எழுந்தன. 2025 ஜனவரி 7-ம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தோம். கைப்பிள்ளைக்காரிகள் நடந்தார்கள், ஊன்றுகோல் பிடித்த கிழவர்கள் நடந்தார்கள், கடைகள் அடைத்துக் கிடந்தன. முட்டிவலியோடு நானும் நடந்தேன். பிரியாணிப் பொட்டலம் இல்லை, குவார்ட்டர் இல்லை, தலைக்கு இருநூறு இல்லை. அந்த மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உடனே எங்கிருந்துதான் வந்தார்களோ, ஒவ்வொரு கட்சியும் தன்னால்தான் நின்றது என்று போஸ்டர் ஒட்டியது. ஏலம் விடும்போது வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் ஊருக்குள் வந்து மாலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூலிக்குப் போகாமல், அடுப்பு மூட்டாமல் நடந்த அந்த ஜனங்கள்தான் நீங்கள் ராத்திரி பத்து மணிக்குக் கவர் நீட்டுகிற ஜனங்கள். எங்களிடம் பகலில் வந்து பேச உங்களுக்கு ஒன்றும் இல்லாமல் போனதால்தான் இருட்டில் வருகிறீர்கள்.

வட்டம் போட்ட அந்தப் பட்டியல் உங்களிடம்தான் இருக்கிறது. அழிக்க வேண்டாம், என் பேருக்கு நேரே அது அப்படியே இருக்கட்டும். அடுத்த தேர்தலுக்கு வருகிறவர் கவரை வெளியே வைத்துவிட்டு என் திண்ணையில் வந்து உட்காரட்டும். காப்பி தருகிறேன். கீழையூர்ப் பள்ளத்திலிருந்து போன பணத்தில் எவ்வளவு அரசு கஜானாவுக்குத் திரும்பியது என்று சொல்லட்டும். முன்னுரிமை என்று அச்சடித்த விளம்பரத்தை நம்பி என் மருமகள் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை யார் ஓரம் கட்டினார்கள், அந்த மூன்று லட்சம் மேலே யார் கை வரைக்கும் போனது, அந்தப் பேரைச் சொல்லட்டும்.